பஞ்சநதத்தின் காலி கேன்கள்

நன்னிலம் கடைத்தெருவில் கட்சிக்காரர்கள் போட்டிருந்த நீர்மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர் மோரைக் குடித்து முடித்து, இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டியபோதுதான் பஞ்சநதம் அந்தக் கேனைப் பார்த்தார். கைப்பிடி வைத்த பெரிய நீல கேன். அது அவருடைய கேன். போன மாதம் வரை அதற்குள் இருந்தது கக்கூஸ் கழுவுகிற ஆசிட்.

குடித்த மோர் வயிற்றுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், குடித்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். ஓடுகிற வழியில் அவர் வீட்டுக்கும் வந்துவிட்டுத்தான் போவார்கள். ஆகவே பஞ்சநதம் வெயிலில் தலை சுற்றியவர் மாதிரி இரண்டு தடவை ஆடினார். மேஜையைப் பிடித்தார். மேஜையோடு கேனும் சாய்ந்து, மோர் முழுவதும் பந்தலைத் திறந்து வைத்த ஒன்றியச் செயலாளரின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

"யோவ், நீ யார் ஆளு?" என்று கேட்டார் ஒன்றியம்.

 பஞ்சநதம் காலியான கேனைத் தூக்கிக்கொண்டு மொபெட்டில் ஏறிப் பறந்துவிட்டார். மோர் குடித்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி கமலவல்லி கழுவிய பாத்திரத்தில் ஆசிட் என்ன, ஆசிட்டின் ஞாபகம்கூட மிஞ்சாது. ஆனால் அந்தத் தைரியம் பஞ்சநதத்துக்கு இல்லை. தைரியம் இருக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இந்தக் கேனை யாருக்குக் குடுத்த?" என்று கேட்டார்.

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்" என்றாள் கமலவல்லி. "கொல்லையில சும்மாதான கெடக்குது? நல்லா அலசித்தான் குடுத்தேன்."

பஞ்சநதம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடனே எழுந்தார். அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கவலை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. சிங்கப்பூரில் பல வருஷம் அடுக்குமாடிகளைக் கழுவித் துடைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். தெரிந்த தொழிலையே செய்வோம் என்று, ஒரு மொபெட், நாலைந்து மாப்பு, இரண்டு ஆட்களோடு 'பஞ்சநதம் க்ளீனிங் சர்வீஸ்' ஆரம்பித்தார். கல்யாண மண்டபம், பேங்க், பல் டாக்டர் என்று கிடைத்த இடமெல்லாம் கழுவினார். தொழில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் ஏஜெண்டு வாராவாரம் போன் செய்து, விசா தயார், எப்போது வருகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். கமலவல்லியோ, இன்னொரு தடவை நீங்கள் ஏரோப்ளேன் ஏறினால் நான் தனியாக இருக்க மாட்டேன், அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். அதுதான் அவரை உலுக்கியது.

இந்த நேரத்தில்தான் சென்னைக் கம்பெனி வந்தது. மெயின் ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, கீழே ஆபீஸ், மேலே தங்கும் அறைகள் என்று ஆக்கியிருந்தார்கள். அறைக்கு ஒரு கக்கூஸ். என்ன கம்பெனி என்று கமலவல்லி ஒருநாள் கேட்டாள்.

"கக்கூஸ் இருக்குற கம்பெனி. நமக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டார் பஞ்சநதம்.

அந்தக் கம்பெனியின் நிர்வாக மேனேஜர் ரெத்தினம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். வருஷ ஒப்பந்தம் போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். ரசாயனம் வந்த காலி கேன் ஒன்றுகூட வெளி ஆட்கள் கைக்குப் போகக் கூடாது. மூன்று தடவை அலச வேண்டும். அலசிய தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது, அடுத்த கலவைக்கே ஊற்றிக்கொள்ள வேண்டும். லேபிளைக் கிழிக்க வேண்டும். மறுபடி பயன்படாதபடி ஓட்டை போட வேண்டும். பிறகு, அரசாங்க அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதுவரை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வரிசையாக அடுக்கி, எல்லை குறித்து, எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.

"எங்க கம்பெனிக்கு சுற்றுச்சூழல் ரொம்ப முக்கியம், மிஸ்டர் பஞ்சநதம்" என்றார் ரெத்தினம். "வெள்ளிக்கிழமை ரசீதோட வாங்க. கையெழுத்துப் போட்டுடுவோம்."

பஞ்சநதம் உருகிப்போனார். அவரே இதையெல்லாம் சிங்கப்பூரில் செய்து பழகியவர்தான். அங்கே காலி கேனை வெளியே வைத்தால் ஒரு நாய் மோந்து பார்க்காது. இங்கே அப்படியா? டெல்டாவில் மூடி போட்ட கேன் என்றால் அது சொத்து. பம்புசெட்டுக்கு டீசல் வாங்க, நடவுக்குத் தண்ணீர் கொண்டுபோக, கல்யாணத்துக்கு ரசம் எடுத்துப்போக என்று ஒரு கேனுக்கு நாலு பேர் காத்திருப்பார்கள்.

ஆகவே, கொடுத்த கேன்களைத் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தார். அன்று மாலையே தெருவில் இறங்கினார். எதிர்வீட்டில் அவர் கேனில் பால் நின்றது. அதற்கடுத்த வீட்டில் மண்ணெண்ணெய். பக்கத்து வீட்டு ராஜம்மாள் உளுந்து கொட்டி வைத்திருந்தாள். யாரும் தருவதாக இல்லை. குடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கிறது என்ன பழக்கம், சிங்கப்பூர் போய் வந்தால் இப்படித்தான் ஆகுமா என்று ராஜம்மாள் தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள்.

பஞ்சநதம் கடைத்தெருவுக்கு ஓடி, கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்களை வாங்கி வந்தார். பழைய கேனைக் கொடுத்தால் புதுக் குடம். தெரு மனசு மாறியது. இருட்டுவதற்குள் அத்தனை கேனும் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. பஞ்சநதம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் கூட்டம் நின்றது. பழைய கேன் கொடுத்தால் புதுக் குடம் தருகிறார்கள் என்ற செய்தி நன்னிலத்தைத் தாண்டிப் போயிருந்தது. பூச்சிமருந்து கேன், என்ஜின் ஆயில் கேன், பெயிண்டு வாளி, யாரோ ஒருவர் ஒரு பழைய குளியல் தொட்டி என்று தலைச்சுமையாக வந்து இறங்கின. இது என் கேன் இல்லை என்றார் பஞ்சநதம். கேனில் பேரா எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அவர்தான் எல்லா லேபிளையும் கிழித்திருந்தாரே. பூச்சிமருந்து கேன் ஒன்றில் ஒரு அம்மாள் குழந்தைக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டு குடம் கொடுத்தார். அவளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

கூட்டம் கலைவதற்குள் வேட்டி நனைந்த ஒன்றியம் இரண்டு பேரோடு வந்துவிட்டார். எங்கள் பந்தல் மோரைக் கொட்டிவிட்டு இங்கே குடம் கொடுக்கிறாயே, எந்தக் கட்சி சார்பாக என்று கேட்டார். சொந்தக் குடம் என்று பஞ்சநதம் சொன்னதை அவர் நம்பவில்லை. சொந்தமாகக் குடம் கொடுக்கிற மனுஷனை அவர் இதுவரை பார்த்ததில்லை. அவர் போன சற்று நேரத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள்.

"அண்ணே, குடத்தை நாங்க வாங்கித் தர்றோம். எங்க தலைவர் படத்தை மட்டும் ஒட்டிக் குடுங்க."

பஞ்சநதம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். இப்போது கொல்லையில் கிணறு தெரியவில்லை. கேன்தான் தெரிந்தது.

சரி, ஓட்டை போட்டுவிட்டால் யாருக்கும் ஆகாது என்று, இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு கேனின் அடியிலும் நாலைந்து ஓட்டை போட்டார். தெரு முழுக்கத் தீய்ந்த நாற்றம். இருமிக்கொண்டே எட்டிப் பார்த்த ராஜம்மாள், சற்று நேரத்தில் சுவரேறி வந்து ஒரு ஓட்டைக் கேனை எடுத்துப் போய்க் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். பூப்போலத் தண்ணீர் விழுகிறது, முதலிலேயே ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா என்று குறைபட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வந்தாள்.

பஞ்சநதம் காயலான் கடைக்கு ஓடினார். ஆசிட் வாடை அடிக்கிறது, வேண்டாம் என்றார் கடைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஓட்டை போடாத கேன் இருந்தால் கொண்டுவாருங்கள், கழுவி விற்றுவிடலாம் என்றார். கடைசியில் திருச்சியில் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர் ஒருவர் போனில் கிடைத்தார். வியாழக்கிழமை மத்தியானம் லாரி அந்தப் பக்கம் வரும், ரோட்டோரமாக அடுக்கி வையுங்கள், சந்துக்குள் எல்லாம் லாரி வராது என்றார்.

அன்று புதன்கிழமை. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டோர இடம் எங்கே இருக்கிறது? பஞ்சநதம் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். நடந்து நடந்து மேலக்கரையூர் வயலில் வந்து நின்றது அவர் யோசனை.

மேலக்கரையூர் கமலவல்லி பிறந்த ஊர். அங்கே ரோட்டை ஒட்டி அவளுக்கு அப்பா எழுதி வைத்த வயல் இருந்தது. அவள் அண்ணன் நீலமேகம்தான் சேர்த்து உழுதுகொண்டிருந்தார். உளுந்து எடுத்த பிறகு இப்போது வெறுந்தரையாகக் கிடந்தது.

"அந்த வயல்ல கொண்டுபோயா இந்தக் கருமத்த வைக்கப் போறீங்க?" என்றாள் கமலவல்லி. நெல்லு வருகிற அந்த வயல் அவளுக்கு உயிர். சிங்கப்பூரிலிருந்து பணம் வராத மாதங்களில் அவளைக் காப்பாற்றியது அதுதான்.

நாளை மத்தியானம் வரைக்கும்தான், ஒரு சொட்டு மண்ணில் படாது என்று கெஞ்சி, தார்ப்பாய் விரித்துத்தான் வைப்பேன் என்று சத்தியம் செய்தார். நீலமேகத்திடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சொன்னால் அவர் இரண்டு கேன் கேட்பார்.

மூன்று மணி வெயிலில், நாய்கூட நிழலை விட்டு வராத நேரமாகப் பார்த்து, குட்டியானை வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு போனார். ரெத்தினம் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட விடக் கூடாது என்று, ரப்பர் கையுறை, முட்டி வரை பூட்ஸ், முகமூடி, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டார். தார்ப்பாய் விரித்து வரிசையாக அடுக்கினார். எல்லை குறிக்க நாலு மூலையிலும் இரும்புக் கம்பி நட்டு, சிவப்புத் துணி கட்டினார். நடுவில் பலகை வைத்தார். 'அபாயம். ரசாயனம். இந்த எல்லைக்குள் யாரும் வரக் கூடாது.' எழுதி முடித்தபோது கீழே கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது. இந்த மாதிரி பலகைகளில் கடைசியில் என்ன இருக்கும் என்று யோசித்து, 'இப்படிக்கு, நிர்வாகம்' என்றும் எழுதினார். எந்த நிர்வாகம் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. பார்க்க லட்சணமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

வியாழக்கிழமை காலையில் காப்பி குடிக்கும்போது நீலமேகத்திடமிருந்து போன் வந்தது. 

"மாப்ள, ஒடனே கெளம்பி வாங்க. நம்ம வயல்ல கைய வச்சிட்டானுங்க."

அந்த வருஷம் டெல்டாவில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்றுதான் பேச்சு. எந்த ஊரில் எப்போது வந்து குழி தோண்டுவார்களோ என்று ஜனங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு ஜீப் வந்தால் விசாரித்தார்கள். கையில் பேப்பரோடு யாராவது வரப்பில் நடந்தால் மடக்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஒரே நாளில் ஒரு வயலில் நீல கேன்கள் முளைத்து, கம்பி நட்டு, சிவப்புத் துணி பறந்து, நிர்வாகம் என்று பலகையும் நின்றால் என்ன ஆகும்? பஞ்சநதத்துக்கு இது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கையில் இருந்த காப்பி ஆறிப்போயிற்று.

கமலவல்லியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டை விரட்டிப் போய்ச் சேர்ந்தபோது மேலக்கரையூர் ரோட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பஸ் நின்றது. விவசாய சங்கத் தலைவர் வைரக்கண்ணு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். பிடி மண்ணைக்கூடத் தர மாட்டோம் என்று அவர் முடிக்க, பெண்கள் விளக்குமாற்றை உயர்த்தினார்கள்.

கண்ணால் பார்த்த சாட்சி ஒன்றும் இருந்தது. ஆடு மேய்க்கும் ஞானாம்பாள், தூரத்துக் கருவேல நிழலிலிருந்து நேற்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வந்தவன் நல்ல உயரம், தலையில் தொப்பி, மூஞ்சியை மூடியிருந்தான், வெள்ளைக்காரனேதான் என்றாள். பஞ்சநதத்தின் உயரம் கமலவல்லியின் காது வரைக்கும்தான். ஞானாம்பாள் நேராக அவரைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். மொபெட்டின் முன்பக்கப் பையிலிருந்து ரப்பர் கையுறை ஐந்து விரலையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஞ்சநதம் அதை உள்ளே அமுக்கினார்.

அவர் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே நினைத்தார். ஆனால் நீலமேகம் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படிக் குலுங்கி அழும் என்று பஞ்சநதம் நினைத்ததில்லை.

"எங்கப்பா உசிரோட இருந்தப்ப குத்தகைக்காக இதே எடத்துல அடிபட்டாரு மாப்ள. அந்த மண்ண நான் பாத்துக்காம விட்டுட்டேனே."

இதற்குப் பிறகு, அது நான் வைத்த கக்கூஸ் ஆசிட் கேன் என்று எந்த வாயால் சொல்வது?

நிலத்துக்காரர் வந்துவிட்டார் என்று அவரை இழுத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பச்சைத் துண்டு போர்த்தினார்கள். ஒன்றியம் ஆட்களோடு வந்து, நேற்றுப் பகையை மறந்து ஒரு பந்தல் போட்டார். எதிர்க்கட்சி அதற்கு எதிரே இன்னும் கொஞ்சம் பெரிய பந்தல் போட்டது. யார் பந்தலில் நிலத்துக்காரர் உட்காருவது என்பதில் தகராறு வந்து, கடைசியில் பஞ்சநதம் நடுவெயிலில் உட்கார்ந்தார். உட்கார முடியாத மனுஷனை ஊர் கூடி உட்கார வைத்துவிட்டது. அவர் நெளிந்தார். மணியைப் பார்த்தார். மத்தியானம் லாரி வரும்.

வைரக்கண்ணு மைக்கை அவர் கையில் கொடுத்தார். இதுதான் சமயம், சொல்லிவிடுவோம் என்று பஞ்சநதம் எழுந்தார்.

"இந்தக் கேனுங்கள..." என்று ஆரம்பித்தார். நீலமேகத்தின் முகத்தைப் பார்த்தார். "இந்தக் கேனுங்கள இங்க கொண்டாந்து வச்சவன் ஒரு முட்டாப்பய."

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அவன நீங்க மன்னிக்கணும். அவனுக்கும் பொண்டாட்டி இருக்கா."

கூட்டம் கொதித்து எழுந்தது. மன்னிக்க முடியாது என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து வந்த கமலவல்லி, அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி வைரக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பலகையில் இருந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா?

"வாயத் தெறக்காதீங்க" என்றாள் காதோடு. "தெறந்தீங்கன்னா எங்கண்ணனே மொதல் அடி அடிப்பாரு. அடுத்த அடி நான்."

வெயில் ஏறியதும் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரிக்கு ஒன்றுமே தெரியவில்லை. இங்கே எந்தத் திட்டமும் இல்லை, யாரோ எதையோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். பஞ்சநதம் அவரை நன்றியோடு பார்த்தார். கூட்டம் அவரை விடவில்லை. மேலே கேட்டுச் சொல்லுங்கள் என்றார் வைரக்கண்ணு. அதிகாரி போனை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. எந்த வாக்குவாதமும் இல்லாமல், ஊர் சம்மதம் இல்லாமல் இந்த ஊரில் எந்த வேலையும் நடக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இல்லாத திட்டத்தை நிறுத்த அரசாங்கம் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததை நினைத்துப் பஞ்சநதம் வியந்தார்.

சரியாக அந்த நேரத்தில் திருச்சி லாரி வந்து நின்றது.

பஞ்சநதத்துக்கு உயிர் போய்விட்டது. ஆனால் ஜனங்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். பார்த்தாயா, தோற்றுப்போய்ச் சாமானை எடுக்க வண்டி அனுப்பிவிட்டான் என்றார் ஒருவர். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கேனாகத் தூக்கி எறிந்து லாரியை நிரப்பிவிட்டார்கள். கேன் என்றால் உயிரை விடுகிற ஊர், அன்று ஒரு கேனைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கம்பி, பலகை, தார்ப்பாய் எல்லாம் ஏறியது. டிரைவர் நடராசன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வரவேற்பை அவர் கண்டதில்லை. லாரியைத் துரத்துகிற மாதிரி பின்னாலேயே ஓடிய பஞ்சநதம், வளைவு தாண்டியதும் மூச்சிரைக்கக் கைகாட்டி நிறுத்தினார்.

"கேன் என்னுதுதாங்க. ரசீது மட்டும் குடுத்துட்டுப் போங்க."

நடராசன் இன்ஜினை அணைக்காமலே ரசீதைக் கிழித்து வீசிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு கமலவல்லி வயலில் இறங்கி நின்றாள். கேன் இருந்த இடத்தில் ஒரு கறைகூட இல்லை. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தாள்.

"நெசமாவே எவனாவது எடுத்திருந்தா என்னங்க பண்ணியிருப்போம்?"

எவன் வரப் போகிறான், எல்லாம் இந்த ஜனங்களின் வீண் பீதி என்று சொல்லி அவர் சிரித்தார். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். கேன் போயிற்று, ரசீது வந்தது, அடி விழவில்லை. நாளைக்குக் கையெழுத்து. சிங்கப்பூர் ஏஜெண்டின் நம்பரை அங்கே நின்றுகொண்டே போனிலிருந்து அழித்தார். கமலவல்லி பார்க்கும்படிதான் அழித்தார். அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, விபூதி பூசிக்கொண்டு கம்பெனிக்குப் புறப்பட்டார். வருஷ ஒப்பந்தம் வந்தால் இன்னும் இரண்டு ஆள் சேர்க்கலாம், மொபெட்டை மாற்றலாம், கமலவல்லிக்கு வயலில் ஒரு போர் போட்டுக் கொடுக்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

கம்பெனி வீட்டு வாசலில் லாரி நின்றது. நாற்காலி, மேஜை, கட்டில், சுருட்டிய வரைபடங்கள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. ரெத்தினத்தைக் காணோம். மாடிக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. வாட்ச்மேன் அய்யாக்கண்ணு மட்டும் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் எங்கங்க? காலி கேனுக்கு ரசீது கொண்டாந்திருக்கேன். இன்னிக்கு ஒப்பந்தம்" என்றார் பஞ்சநதம்.

அய்யாக்கண்ணு வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க ஒருத்தரு. மேலக்கரையூர் வயல்ல மீத்தேன் கெணறு தோண்டத்தான இந்த ஆபீஸையே தொறந்தாங்க? திங்கக்கெழம மிஷினோட எறங்குறதா இருந்தாங்க, அதுக்குள்ள எவனோ ஒரு கெட்டிக்காரன் மொதல்லயே மோப்பம் புடிச்சு ஊரக் கூட்டிப்புட்டானாம்."